இரண்டு நாளில் கோபன்ஹேகன்: ஊர் பார்க்கவா, ஆளைப் பார்க்கவா?

கேட்கப்பட்டது இதுதான்: "ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பர் எட்டு ஆண்டுகளாகக் கோபன்ஹேகனில் இருக்கிறார். மனைவி, நான்கு வயது மகள். செப்டம்பர் கடைசி வாரத்தில் வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். பதினான்கு இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன். மால்மோவும், முடிந்தால் ஓஸ்லோவும் சேர்க்க ஆசை. அலுப்பில்லாமல் எப்படிப் போய்வருவது? குடை எடுக்க வேண்டுமா?"

முதலில் ஓஸ்லோவை அடித்துவிடுங்கள். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிறது; ரயிலில் ஏறினால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். மால்மோ அப்படியில்லை. 2000இல் திறந்த ஓரசுண்ட் பாலத்தின் வழியே முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்தில் போய்விடலாம். ஆனாலும் அதையும் அடிக்கத்தான் சொல்வேன். இரண்டு நாள் பயணத்தில் இன்னொரு நாட்டின் எல்லையைத் தாண்டி, பாஸ்போர்ட்டைக் காட்டி, ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவதில் சுகம் ஒன்றும் இல்லை. "ஸ்வீடனும் பார்த்தாயிற்று" என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் கோபன்ஹேகனில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். விருந்தினர்களை ரயில் நிலையத்தில் வரவேற்று, மறுபடி அதே நடைமேடையில் வழியனுப்பிப் பழகியவன். ஆகவே வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒருமுறை என் பழைய நண்பன் ஒருவன் பத்தொன்பது இடங்களுக்குப் பட்டியலோடு வந்தான். பதினேழு பார்த்தோம். கடற்கன்னி சிலைக்கு முன்னால் கூட்டத்தில் முட்டிமோதிப் படம் எடுத்தோம். ஒன்றேகால் மீட்டர் உயரச் சிலை அது. 1913இல் பாறையில் உட்கார வைத்தது, நீங்கள் அடுத்த முறை வரும்போதும் இருக்கும். ஞாயிறு இரவு அவனை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், படுத்த படுக்கையாக இருந்த அவன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. பதினேழு இடங்களில் ஒன்றில்கூட அதற்கு நேரம் அமையவில்லை.

அதனால் பதினான்கில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூன்று என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பயணம்.

விமானம் வேண்டாம். ஹாம்பர்க்கிலிருந்து கோபன்ஹேகனுக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 2019 வரை இந்த ரயில் புட்கார்டன் துறையில் அப்படியே கப்பலுக்குள் ஏறும். பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். இப்போது அந்த வழியில் கடலுக்கடியில் பதினெட்டு கிலோமீட்டர் சுரங்கம் கட்டிக்கொண்டிருப்பதால், ரயில் யூட்லாந்து தீபகற்பத்தின் வழியே சுற்றிப் போகிறது. சுற்று வழியிலும் ஒரு லாபம் உண்டு. ஒடென்சே தாண்டியதும் பெரிய பெல்ட் நீரிணை வரும். பாதி தூரம் பாலத்தில் ஓடி, ஸ்ப்ரோகோ என்ற சின்னத் தீவைத் தொட்டு, அங்கிருந்து கடலுக்கடியில் எட்டு கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ரயில் இறங்கிவிடும். சாலைப் பாலம் மட்டும் மேலே தொடர்ந்து போகும். அதன் தூண்கள் 254 மீட்டர் உயரம். மூன்று மணி வாக்கில் கிளம்பினால் கிட்டத்தட்ட அந்தி நேரத்தில் அங்கே இருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடம் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட்டும் ஜெர்மன் வதிவிட அட்டையும் கையோடு இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதிதானே என்று அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எல்லை ஊரான பாட்போர்க்கில் டேனிஷ் போலீசார் ஏறிச் சரிபார்க்கலாம். திரும்பும்போது ஜெர்மன் போலீசாரும் பார்க்கலாம். வெள்ளி மாலை ரயில் நிரம்பி வழியும், இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: உங்கள் நண்பர். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தவர் கொஞ்சம் டேனிஷ்காரராக மாறியிருப்பார். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே "எத்தனை மணிக்கு வருகிறாய், வெள்ளி இரவு சாப்பிடுவாயா, ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய்?" என்று கேட்பார். நம் ஊர்க் காதுக்கு இது 'எப்போது போவாய்' என்று கேட்பதுபோல் இருக்கும். மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வார இறுதிகள் வாரக்கணக்கில் முன்கூட்டியே நிரம்பிவிடும். உங்களுக்காக அவர் இரண்டு நாளை முழுசாக ஒதுக்கிவைக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள். இன்னொன்றும் நடக்கலாம். சனிக்கிழமை பேச்சு சூடுபிடித்திருக்கும் நேரத்தில், "இரண்டு மணிக்கு எனக்குச் சலவை முறை" என்று எழுந்து போய்விடுவார். பழைய அடுக்குமாடிகளில் துணி துவைக்கும் இயந்திரம் அடித்தளத்தில் பொதுவாக இருக்கும். நேரம் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும், விட்டால் அடுத்த வாரம்தான். கூடவே இறங்கிப் போங்கள். ஒருவர் துணியைப் பிரிக்க, இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அந்த அடித்தளத்தில் நான் பேசிய பேச்சுகளை எந்த உணவகத்திலும் பேசியதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பு வெளியே. இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தை இருக்கிற வீடு என்பதால் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்திருக்கும். எட்டு மணிக்குப் போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள் அல்லது உங்களுக்காகத் தூக்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு முறுக்கு வாங்கிப் போங்கள். மிட்டாய் அவளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கிடைக்கும். அங்கே குழந்தைகளுக்கு வெள்ளி மாலைதான் மிட்டாய் நாள். அந்தப் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து உங்களுக்கு நீட்டினால் உஷார். அதிமதுரச் சாற்றில் நவச்சாரம் கலந்த மிட்டாய் அது. சித்த வைத்தியர் கஷாயத்தில் போட வேண்டிய இரண்டையும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற நாடு. வாயில் போட்ட பிறகு துப்ப முடியாது, ஏனென்றால் அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை காலை நண்பர் ரொட்டிக்கடைக்குப் போவார். அவரோடு போங்கள். அங்கே வார இறுதிக் காலை என்றால் ரொட்டிக்கடை வாசலில் வரிசை என்று பொருள். ஏலக்காய் முறுக்கு ரொட்டி ஒன்று சொல்லுங்கள். நம் வீட்டில் பாயசத்துக்கு இரண்டு தட்டிப் போடுகிற ஏலக்காயை அவர்கள் பொடிக்காமல் கரகரவென்று உடைத்து மாவுக்குள்ளும் மேலேயும் அள்ளிப் போடுகிறார்கள். கடிக்கும்போது பல்லில் அகப்படும். கசகசா தூவிய 'டீபியர்கஸ்' என்பதும் வாங்கலாம். நாம் 'டேனிஷ்' என்று சொல்லும் அடுக்கு ரொட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வியன்னா ரொட்டி'. யாரும் அதைத் தன் ஊர்ப் பண்டம் என்று ஒப்புக்கொள்வதாக இல்லை.

சரி, மூன்று இடங்கள்.

முதலாவது, உங்கள் பட்டியலில் இருக்காது என்று நினைக்கிறேன்: டூரஹேவன். மான் பூங்கா. நகரிலிருந்து புறநகர் ரயிலில் இருபது நிமிடம், கடைசி நிறுத்தமான கிளாம்பன்போர்க்கில் இறங்கினால் சிவப்பு வாயில் எதிரிலேயே. அரசர்கள் வேட்டையாடிய காடு, சுமார் பதினொரு சதுர கிலோமீட்டர். இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் மான்கள் அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி திரிகின்றன. நீங்கள் போகிற நேரம் அற்புதமான நேரம். செப்டம்பரில் செம்மான்களுக்கு இணைசேரும் பருவம். கிடா மான் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து குரல் கொடுக்கும். மான் என்றால் சாதுவாக ஏதோ முனகும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். அடிவயிற்றிலிருந்து எருமை செருமுவதுபோல் தொடங்கி, கனமான மர பெஞ்சைத் தரையில் இழுக்கிற ஒலியில் முடியும் அது. புல்வெளியின் மறுகோடியிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். குளிர்ந்த காற்றில் அதன் வாயிலிருந்து ஆவி போவது தெரியும். பெண் மான்கள் எதையும் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருக்கும். அருகே போகாதீர்கள், அந்தப் பருவத்தில் கிடாவுக்கு மனிதன் என்ற மரியாதை கிடையாது.

வாயிலிலிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடந்தால் திறந்த மேட்டில் எரெமிடேஜ் என்கிற சிறிய வேட்டை மாளிகை, 1736இல் கட்டி முடித்தது. உள்ளே போக வேண்டியதில்லை. அதன் படிக்கு அருகில் புல்லில் உட்கார்ந்தால் மரங்களுக்கு அப்பால் கடல் தெரியும். பிளாஸ்கில் காபி, காலையில் வாங்கிய ரொட்டி. குழந்தை ஓடட்டும். மதியம் வரைக்கும் வேறு ஒன்றுமே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஸ்மொரபுரோ. கறுத்த ரை ரொட்டித் துண்டின்மேல் வெண்ணெய் தடவி, அதன்மேல் மீனோ முட்டையோ இறைச்சியோ குன்றுபோல் ஏற்றுவது. இது மதிய உணவு; பல கடைகளில் மாலைக்குள் முடிந்துவிடும். ஊறவைத்த ஹெர்ரிங் மீனில் தொடங்கி, மற்ற மீன், பிறகு இறைச்சி, கடைசியில் சீஸ் என்று ஒரு வரிசை உண்டு. நம் இலையில் ரசத்துக்கு முன்னால் மோர் கேட்டால் பரிமாறுகிறவர் எப்படிப் பார்ப்பாரோ, வரிசை மாற்றினால் அப்படிப் பார்ப்பார்கள். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிட வேண்டும். கையில் எடுத்தால் பாதி மடியில்தான். சைவம் என்றால் கவலை வேண்டாம், உருளைக்கிழங்கு வைத்தது ஒன்று இருக்கும்: அவித்த கிழங்கு வில்லை, மயோனைஸ், வெங்காயத் தாள், மேலே மொறுமொறு வெங்காயம். இரண்டு தின்றால் வயிறு நிறைந்துவிடும்.

அந்த ஒரு சாப்பாட்டுக்கு நீங்கள் பணம் கொடுங்கள். டென்மார்க்கில் விற்பனை வரி 25 சதவீதம், சாப்பாட்டுக்கும் அதேதான்; விருந்தாளியை இரண்டு நாள் வெளியே கூட்டிப் போய்ச் சாப்பிட வைப்பது அங்கே சாமானியச் செலவு இல்லை. பில் வந்த பிறகு இருவரும் இழுபறி செய்தால் பக்கத்து மேசைக்காரர்கள் சண்டை என்று நினைத்துவிடுவார்கள். கைகழுவப் போகிற சாக்கில் எழுந்து அட்டையைத் தேய்த்துவிட்டு வாருங்கள். மற்ற வேளைகளில் வீட்டுச் சாப்பாடு கேளுங்கள். ஹாம்பர்க்கிலிருந்து கறிவேப்பிலையும் நல்ல பெருங்காயமும் கொண்டுபோனால் நண்பரின் மனைவி உங்களை மறக்க மாட்டார். பணம் குரோனர், ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ ஏழரை. நோட்டாக மாற்ற வேண்டாம், அட்டை போதும். குடித்த புட்டியை எறிந்துவிடாதீர்கள், கடையில் திருப்பிப் போட்டால் காசு வரும். மகளுக்கு அந்த இயந்திரம் ஒரு விளையாட்டு.

இரண்டாவது இடம் ஞாயிறு காலைக்கு: நொர்ரபுரோ பகுதியில் இருக்கிற அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டம். விருந்தாளியைச் சுடுகாட்டுக்கா கூட்டிப்போவார்கள் என்று என் அம்மா கேட்டார். வந்து பார்த்த பிறகு அடுத்த நாளும் அங்கேயே போகலாம் என்றார். 1760இல் அமைத்தது. உயரமான பாப்லர் மரங்கள், மஞ்சள் பூசிய நீளச் சுவர். உள்ளே ஓடுகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்க வைத்திருக்கிறவர்கள், புல்லில் விரித்துப் படுத்துப் படிக்கிறவர்கள். குழந்தைக் கதைகள் எழுதிய ஆண்டர்சன், அணு விஞ்ஞானி நீல்ஸ் போர், தத்துவவாதி கியர்க்கெகோர் எல்லோரும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். கியர்க்கெகோர் என்ற குடும்பப் பெயருக்கே 'கல்லறைத் தோட்டம்' என்றுதான் பொருள். அந்தச் சுற்றுப்பாதையை இரண்டு தடவை மெதுவாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் ஆகும். எதிர்ப்படுகிற எதையும் பார்த்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால் பேச்சு தானாக வரும்.

இந்த ஞாயிறு காலையில்தான் சைக்கிள் எடுக்கலாம், தெருக்கள் காலியாக இருக்கும். பல ஆண்டுகளாக ஓட்டாதவர் என்றால் வேலை நாள் காலையில் இறங்கவே வேண்டாம். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு சின்ன மேடாகப் போவது சைக்கிள் பாதை. வந்த முதல் வாரம் பெட்டியை இழுத்துக்கொண்டு அதில் நின்று நான் வரைபடம் பார்த்தேன். பின்னால் மணி. திரும்பினால் எழுபது வயதுப் பாட்டி ஒருவர், கூடையில் கீரைக் கட்டோடு, நிறுத்தாமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனபடியே ஏதோ சொன்னார். மொழி தெரியாததால் பிழைத்தேன். ஓட்டும்போது வலப்பக்கமே இருங்கள். நிற்பதற்கு முன் கையை உயர்த்துங்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சாலையைக் குறுக்கே வெட்டக் கூடாது. நேராகப் போய் மறுமுனையில் நின்று, அந்தப் பக்க விளக்கு விழுந்ததும் கடக்க வேண்டும். நண்பரிடம் முன்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள் இருந்தால் மகள் அதில் மகாராணிபோல் வருவாள். அவளே உங்களுக்குக் கையை எப்போது தூக்க வேண்டும் என்று சொல்லித் தந்துவிடுவாள்.

மூன்றாவது, ரயிலுக்குப் போகும் வழியில்: வட்டக் கோபுரம். 1642இல் நான்காம் கிறிஸ்தியான் அரசர் வானாராய்ச்சிக்காகக் கட்டி முடித்தது. படிகள் கடைசியில் கொஞ்சம்தான். மற்றபடி செங்கல் பாவிய சரிவுப் பாதை 209 மீட்டர், ஏழரைச் சுற்று, கோபுரத்துக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. ரஷ்யாவின் பீட்டர் பேரரசர் 1716இல் இதில் குதிரையிலேயே ஏறினார் என்பார்கள். வெள்ளையடித்த சுவர், ஆழமான ஜன்னல்கள், குழந்தைகள் சிரித்தால் சுற்றிச் சுற்றி ஏறுகிற எதிரொலி.

நான் மயிலாடுதுறைக்காரன். பள்ளிச் சுற்றுலாவில் தரங்கம்பாடிக் கோட்டையின் மதிலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றவன். முதன்முறை இந்தக் கோபுரத்தில் ஏறியபோது கட்டியவர் பெயரைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கப்பல்களைச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பியவர் இதே அரசர்தான். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல்தான் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் இந்த அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மேலே நின்று சிவப்பு ஓட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே இந்தக் கதையை நண்பரின் மகளுக்குச் சொல்லுங்கள். ஊரில் அவளுக்கு ஒரு கோட்டை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

லூயிசியானா நவீனக் கலை அருங்காட்சியகம் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். நல்ல இடம்தான், கடலைப் பார்த்த தோட்டமும் அழகு. அந்த வீட்டின் முதல் சொந்தக்காரர் அடுத்தடுத்துக் கட்டிக்கொண்ட மூன்று மனைவியரின் பெயரும் லூயிஸ் என்பதால் வந்த பெயர் அது. ஆனால் ரயிலில் போய்வர, சுற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். சனிக்கிழமை கொட்டும் மழையாக இருந்தால் மானை விட்டுவிட்டு அங்கே போங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஞாயிறு மாலை நாலு மணி வாக்கில் ரயில் ஏறினால் ஒன்பது மணிக்கு ஹாம்பர்க். நண்பர் வீட்டில் சாப்பிட்டு எழும்போது 'தக் ஃபோர் மெல்' என்று சொல்லிப் பாருங்கள், 'சாப்பாட்டுக்கு நன்றி' என்று பொருள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள், உங்கள் உச்சரிப்பு அப்படி இருக்கும்.

குடை கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கே மழை மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் காற்றோடு வரும். நான் கொண்டுபோன முதல் குடை முதல் தெருமுனையிலேயே பூவாக விரிந்து குப்பைத் தொட்டிக்குப் போனது. தலைமூடி வைத்த மழைச்சட்டை ஒன்று, நனைந்தால் மாற்ற இரண்டு ஜோடி காலுறை. காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் செருப்பு கிடையாது.